நகல்தடுப்புக்கு ஒரு காலவரை வேண்டும்

கேள்வி: கோத்தகிரியை அடுத்த ஒரு ஹட்டியில் (படகர் சிற்றூரில்) வசிக்கும் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். "சென்ற ஐப்பசி மழையில் கற்பூர மரம் ஒன்று சாய்ந்து கேபிளை அறுத்துவிட்டதால் எங்கள் ஊரில் சில நாட்கள் இன்டர்நெட் இல்லை. கரண்ட் வந்தபின் கம்ப்யூட்டரைப் போட்டால், முழு விலை கொடுத்து வாங்கிய கேம், அதுவும் ஒருவரே விளையாடும் கதை கேம், உரிமத்தைச் சரிபார்க்க முடியவில்லை என்று சொல்லித் திறக்க மறுத்துவிட்டது. அதே கேமின் கிராக் பிரதியை (பூட்டை உடைத்த திருட்டு நகலை) வைத்திருக்கும் நண்பன் எந்தத் தடையும் இல்லாமல் விளையாடி முடித்தான். எங்கள் நண்பர்களுக்குள் இது பெரிய வாக்குவாதமாகிவிட்டது. திருட்டு நகல் எடுக்காமல் இருக்க கேமுக்குப் போடும் இந்தப் பூட்டு, அதாவது நகல்தடுப்பு, உண்மையிலேயே தேவையா? அது கேமை மந்தமாக்குகிறது என்பது சரியா? வாங்கிய கேமுக்கே கிராக் போட்டுக்கொண்டால் தவறா?"

பதில்: முன்பு கோவையில் மென்பொருள் சோதனை வேலையிலும், இப்போது குன்னூரில் கணினி பழுதுபார்க்கும் தொழிலிலும் இருப்பதால், இந்த வாக்குவாதத்தின் இரண்டு தரப்பையும் அருகிலிருந்து கேட்டு வருகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு கேமை உருவாக்கியவருக்கு, அது வெளியான முதல் சில மாதங்களில் நகல் எடுப்பதைத் தடுக்கும் உரிமை உண்டு. அந்தத் தடுப்பால் அவருக்கு மெய்யான பலனும் உண்டு. ஆனால் விற்பனையின் சூடு அடங்கிய பிறகும் அதே பூட்டைக் காலவரையின்றித் தொங்கவிடுவதற்கு எந்த நியாயமும் இல்லை, ஏனென்றால் அந்தக் கட்டத்தில் விற்றவருக்கு அதனால் கிடைப்பது ஏறக்குறைய ஒன்றுமில்லை, வாங்கியவருக்கோ சுமை முழுவதும் அப்படியே இருக்கிறது. உங்கள் நண்பர்கள் "வேண்டும்", "வேண்டாம்" என்று இரு கட்சியாகப் பிரிந்து பேசும்போது, எத்தனை காலத்துக்கு என்ற கேள்வியை யாரும் கேட்பதில்லை என்று நினைக்கிறேன்.

உங்கள் கணினியில் நடந்தது என்ன என்பதை முதலில் பார்ப்போம். இன்று ஒரு பெரிய கேமின் மேல் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட அடுக்குகள் இருக்கும். முதல் அடுக்கு, இணையத்தில் கேம் விற்கும் ஸ்டீம் போன்ற கடை மென்பொருள் செய்யும் கணக்குச் சரிபார்ப்பு. இது மிகவும் மெல்லியது. ஸ்டீமே தன் தொழில்நுட்ப வழிகாட்டியில், இந்தச் சரிபார்ப்பு உறை தனியாகத் திருட்டுத் தடுப்பு ஆகாது என்று எழுதி வைத்திருக்கிறது. அதற்கு மேல் இரண்டாவதாக வருவது டெனுவோ போன்ற மாற்றத்தடுப்பு மென்பொருள், அதாவது கேமின் நிரலை மாற்றிப் பூட்டை உடைக்காமல் காப்பது. ஆஸ்திரியாவில் உருவான டெனுவோ, 2014இல் ஃபிஃபா 15 கேமுடன் முதன்முதலில் வெளிவந்தது; 2018இல் அந்த நிறுவனத்தை இர்டெட்டோ என்ற டிஜிட்டல் பாதுகாப்பு நிறுவனம் வாங்கிக்கொண்டது. கேமை நீங்கள் முதன்முறை திறக்கும்போது உங்கள் கணினியின் பாகங்களைக் கொண்டு ஓர் அடையாளம் தயாராகி நிறுவனத்தின் சர்வருக்கு (மையக் கணினிக்கு) போகிறது. அங்கிருந்து அந்தக் கணினிக்கு மட்டுமே பொருந்தும் ஒரு அனுமதிச் சீட்டு திரும்பி வருகிறது. கேமின் சில முக்கியமான பகுதிகள் அந்தச் சீட்டு இருந்தால்தான் சரியாக இயங்கும். அதன் பிறகு பல நாட்கள் இன்டர்நெட் இல்லாமலேயே விளையாடலாம். ஆனால் கேமுக்கு ஒரு அப்டேட் வந்தாலோ, கணினியின் முக்கிய பாகம் ஒன்றை மாற்றினாலோ, விண்டோஸில் பெரிய மாற்றம் நடந்தாலோ பழைய சீட்டு செல்லாமல் போய்ப் புதிய சீட்டு கேட்கப்படும். மழைக்குச் சற்று முன்பு உங்கள் கேம் தானாக அப்டேட் ஆகியிருக்கவே வாய்ப்பு அதிகம். மூன்றாவது வகை, எப்போதும் சர்வருடன் இணைந்திருந்தால்தான் இயங்கும் கேம்கள். அவற்றில் இணைப்பு அறுந்த நொடியே விளையாட்டு நின்றுவிடும்.

இந்த வேறுபாட்டைச் சொல்வதற்குக் காரணம், வாக்குவாதங்களில் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள் என்பதுதான். முதல் வகையால் பெரும்பாலோருக்கு இடையூறு இல்லை. இரண்டாவது வகையால் சமவெளியில் ஃபைபர் இணைப்போடு இருப்பவருக்கு அரிதாகவே தொந்தரவு வரும். ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழையிலும் மரம் விழுந்து, மண் சரிந்து, கம்பியும் கேபிளும் அறுகிற குன்னூர், கோத்தகிரி பக்கத்தவருக்கும், தென்மேற்குப் பருவத்தில் அதே பாடுபடுகிற கூடலூர், பந்தலூர் பக்கத்தவருக்கும் அது திரும்பத் திரும்ப வரும் தொந்தரவு. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டிய மலை இது. இப்படிப்பட்ட இடத்தில் வாழ்பவர்களும் பணம் கொடுக்கும் வாடிக்கையாளர்கள்தான் என்ற எண்ணம், இந்தப் பூட்டுகளை வடிவமைக்கும் மேசைகளில் போதுமான அளவு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

நகல்தடுப்பு புதிதாக முளைத்த ஒன்று அல்ல. 1990இல் வந்த மங்கி ஐலண்ட் கேமின் பெட்டிக்குள் இரண்டு அட்டை வட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்திய ஒரு சக்கரம் இருந்தது. திரையில் தெரியும் கடற்கொள்ளையர் முகத்தை அந்தச் சக்கரத்தில் அமைத்து, அதில் வரும் ஆண்டை உள்ளிட்டால்தான் கேம் தொடங்கும். வேறு சில கேம்கள் கையேட்டின் குறிப்பிட்ட பக்கத்திலிருந்து ஒரு சொல்லைக் கேட்கும். அட்டையைத் தொலைக்காத வரை வாங்கியவருக்கு எந்த இழப்பும் இல்லை, கம்பெனி மூடிப்போனாலும் சக்கரம் சுழலும். சிடி காலத்தில் சேஃப்டிஸ்க், செக்யூரோம், ஸ்டார்ஃபோர்ஸ் ஆகியவை வந்தன. அவற்றில் சேஃப்டிஸ்கும் ஸ்டார்ஃபோர்ஸும் விண்டோஸின் உள்ளடுக்கில் டிரைவர் எனப்படும் சிறு மென்பொருள்களைப் பொருத்தின. ஸ்டார்ஃபோர்ஸ் மீது எழுந்த புகார்கள் பெருகியதால் கேம் நிறுவனமான யூபிசாஃப்ட் 2006இல் அதைக் கைவிட்டது. சேஃப்டிஸ்கின் டிரைவர் பாதுகாப்பு ஓட்டையாக மாறியதால் 2015இல் விண்டோஸ் 10 அதை ஏற்கவே இல்லை; முந்தைய விண்டோஸ் பதிப்புகளிலும் ஒரு பாதுகாப்பு அப்டேட் மூலம் மைக்ரோசாஃப்ட் அதை முடக்கியது. இதன் விளைவை நினைத்துப் பாருங்கள்: காசு கொடுத்து வாங்கிய அசல் சிடி அலமாரியில் கீறல் இல்லாமல் இருக்கிறது, ஆனால் இயங்காது, நகல்தடுப்பை நீக்கிய திருட்டுப் பிரதியோ இன்றும் இயங்கும். உங்கள் ஊரில் சில மழை நாட்களில் நடந்ததுதான் இந்தச் சிடிக்களுக்கு நிரந்தரமாக நடந்திருக்கிறது.

நம் பக்கத்து வரலாற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் தமிழ்நாட்டு பிரவுசிங் சென்டர்களில் கவுன்டர் ஸ்ட்ரைக், வைஸ் சிட்டி, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் விளையாடி வளர்ந்தவர்களில் பெரும்பாலோர் அசல் பிரதியைக் கண்ணால் பார்த்ததே இல்லை. சென்னை ரிச்சி தெருவில் கட்டுக்கட்டாகக் கிடைத்த எழுதப்பட்ட சிடிக்கள்தான் மலைக்கும் ஏறி வந்தன. அசல் வாங்க விரும்பியவருக்கும் கடை அருகில் இல்லை, விலை டாலர் கணக்கில் இருந்தது, வெளிநாட்டுப் பணம் செலுத்தும் கார்டு வீட்டில் இல்லை. 2011இல் ஸ்டீமின் தலைவர் கேப் நியூவெல், திருட்டுப் பிரதி என்பது பெரும்பாலும் விலைப் பிரச்சினை அல்ல, சேவைப் பிரச்சினை என்ற கருத்தைச் சொன்னார். நம் நாட்டில் விலையும் பிரச்சினைதான் என்று நான் சேர்த்துக்கொள்வேன். ஆனால் அவர் சொன்னதில் ஒரு பெரிய உண்மை இருந்தது: 2015இன் கடைசியில் ஸ்டீம் ரூபாயில் விலை போட்டு, உள்ளூர் முறையில் பணம் செலுத்த வழி செய்தபின், முன்பு கிராக் மட்டுமே அறிந்த இளைஞர்கள் தள்ளுபடி நாட்களுக்காகக் காத்திருந்து வாங்கத் தொடங்கியதை நான் என் கடைக்கு வந்தவர்களிடமே பார்த்தேன். அவர்களை வாங்க வைத்தது பூட்டின் வலிமை அல்ல.

2008 முதல் 2013 வரையான ஆண்டுகள்தான் இந்த விவாதத்தின் கசப்புக்கு வேர். 2008 செப்டம்பரில் வந்த ஸ்போர் கேமை மூன்று கணினிகளில் மட்டுமே செயல்படுத்தலாம் என்று எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வரம்பு வைத்தது. அமேசானில் ஆயிரக்கணக்கானோர் ஒற்றை நட்சத்திரம் கொடுத்து எதிர்ப்பைக் காட்டினார்கள். அதே மாதத்தில் வரம்பு ஐந்தாக உயர்த்தப்பட்டது. இத்தனைக்கும் அந்த ஆண்டு மிக அதிகமாகத் திருட்டுத்தனமாக இறக்கப்பட்ட கேம்களின் வரிசையில் ஸ்போர்தான் முன்னணியில் நின்றது. 2010 மார்ச்சில் யூபிசாஃப்ட், அசாசின்ஸ் கிரீட் 2 கேமை எப்போதும் இணைப்பில் இருந்தால்தான் விளையாட முடியும் என்று வெளியிட்டது. சில நாட்களிலேயே அதன் சர்வர்கள் தாக்குதலுக்கு உள்ளாகி, வாங்கியவர்கள் வெளியே நின்றார்கள். 2012இல் அந்த நிறுவனமே அந்த முறையைக் கைவிட்டதாக அறிவித்தது. 2012 மே மாதம் டயாப்லோ 3 வெளியான அன்று சர்வர் நெரிசலைக் குறிக்கும் பிழை எண் 37 என்ற செய்தி மட்டுமே பலருக்குக் கிடைத்தது.

இவற்றுள் சிம்சிட்டி கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம்பிக்கை உடைந்தது அங்கேதான். 2013 மார்ச்சில் வந்த அந்த நகர நிர்மாண கேம், தனியாக விளையாடுபவருக்கும் சர்வர் இணைப்பைக் கட்டாயமாக்கியது. முதல் வாரம் முழுவதும் சர்வர்கள் தாங்கவில்லை. வரிசையில் காத்திருந்தும் உள்ளே போக முடியாதவர்களும், கட்டிய நகரத்தை இழந்தவர்களும் ஏராளம். நகரத்தின் கணக்கீடுகளில் கணிசமான பகுதி தங்கள் சர்வர்களில் நடப்பதால் இணைப்பு இல்லாமல் முடியாது என்று தயாரிப்பாளர்கள் விளக்கம் சொன்னார்கள். சில நாட்களுக்குள் ஓர் ஆர்வலர் கேமின் நிரலில் சிறு மாற்றம் செய்து, இணைப்பு இல்லாமலேயே அது ஓடுவதைக் காட்டிவிட்டார். ஓராண்டு கழித்து, 2014 மார்ச்சில், நிறுவனமே ஆஃப்லைன் வசதியை அப்டேட்டாகக் கொடுத்தது. சர்வர் நெரிசலை நான் மன்னிப்பேன், அது யாருக்கும் நேரலாம். தொழில்நுட்பத் தேவை என்று சொன்ன காரணம் வாங்கியவர்களின் கண் முன்பே கலைந்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு எந்த நிறுவனம் எந்த விளக்கம் சொன்னாலும் விளையாடுபவர்கள் சந்தேகத்தோடுதான் கேட்கிறார்கள், அந்தச் சந்தேகம் நியாயமானது.

இனி விற்பவர் பக்கம். கேம் விளையாடும் நம்மில் பலர் இந்தப் பக்கத்தைக் கேட்பதற்கே விரும்புவதில்லை. 2013இல் ஆஸ்திரேலியாவில் இரு சகோதரர்கள் நடத்திய சிறு நிறுவனம், கேம் டெவ் டைகூன் என்ற கேமை எந்தப் பூட்டும் இல்லாமல், குறைந்த விலைக்கு வெளியிட்டது. அதே நாளில் அவர்களே ஒரு கிராக் பிரதியையும் பரவ விட்டார்கள். அதில் மட்டும், விளையாடுபவர் நடத்தும் கற்பனை கேம் நிறுவனம் திருட்டுப் பிரதிகளால் நொடித்துப்போகும். முதல் நாள் முடிவில் எண்ணிப் பார்த்தபோது விளையாடியவர்களில் 93 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் திருட்டுப் பிரதியில் இருந்தார்கள். பூட்டு இல்லை, விலை குறைவு, செய்தவர்கள் எளிய மனிதர்கள். அப்படியிருந்தும் இந்த நிலை. "பெரிய கம்பெனிகளின் பேராசைக்கு எதிராகத்தான் கிராக் போடுகிறோம்" என்ற வாதத்தை இந்த ஓர் உண்மை வெகுவாகப் பலவீனப்படுத்துகிறது.

பண இழப்பு எவ்வளவு என்பதில் நீண்ட காலம் ஊகங்கள்தான் இருந்தன. ஐரோப்பிய ஆணையம் ஆறு நாடுகளில் நடத்தச் சொன்ன ஆய்வு 2015இல் முடிந்து 2017இல் வெளியே தெரிந்தது. அது கேம்களைப் பொறுத்தவரை திருட்டுப் பிரதிகள் விற்பனையைக் குறைப்பதற்கு உறுதியான சான்று காணவில்லை. கிராக் ஆதரவாளர்கள் இன்றும் அதைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் அது மக்களிடம் கேட்டு எடுத்த பொதுக் கணக்கெடுப்பு. பழைய கேம், புதிய கேம் எல்லாம் அதில் கலந்துவிடும். 2024இல் வட கரோலினா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓர் ஆய்வாளர், ஸ்டீமில் டெனுவோவுடன் வெளியான கேம்களை மட்டும் எடுத்து, கிராக் எத்தனையாவது வாரத்தில் வந்தது என்பதை வைத்துக் கணக்கிட்டார். முதல் வாரத்திலேயே பூட்டு உடைந்தால் வருவாயில் சராசரியாக 20 சதவீதம் அளவுக்கு இழப்பு. பன்னிரண்டு வாரங்கள் தாண்டியபின் உடைந்தால் இழப்பு ஏறக்குறைய பூஜ்யம். இந்த முடிவை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். ஐந்தில் ஒரு பங்கு வருமானம் என்பது பல ஆண்டுகள் உழைத்த குழுவின் அடுத்த ஆண்டுச் சம்பளம். அதைக் காக்க முயல்வதைப் பேராசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதே கணக்கு, மூன்று மாதத்துக்குப் பிறகும் பூட்டை வைத்திருப்பதற்கான காரணத்தையும் கையோடு பறித்துவிடுகிறது. ஐடி சாஃப்ட்வேர் என்ற நிறுவனத்தின் டூம் கேம் 2016 மே மாதம் டெனுவோவுடன் வந்து, அந்த டிசம்பரிலேயே அதை நீக்கிக்கொண்டது. இதைச் செய்ய முடியும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

பூட்டே இல்லாமல் பிழைக்க முடியாதா என்றால், சிலர் பிழைத்திருக்கிறார்கள். போலந்தின் சிடி புராஜெக்ட் 2011இல் விட்சர் 2 கேமைக் கடைகளில் செக்யூரோம் பூட்டுடனும், தன் ஜிஓஜி தளத்தில் பூட்டு இல்லாமலும் விற்றது. வெளியான சில நாட்களில் முதல் அப்டேட்டிலேயே கடைப் பிரதியின் பூட்டையும் நீக்கியது. 2015இல் வந்த விட்சர் 3 முதல் நாளிலிருந்தே ஜிஓஜியில் பூட்டின்றிக் கிடைத்தது, கோடிக்கணக்கில் விற்றது. இது மிகச் சிறந்த கேமுக்கும், ரசிகர்களின் அன்பைச் சம்பாதித்த நிறுவனத்துக்கும் சாத்தியமாயிற்று. முதல் கேமை வெளியிடும் ஒருவரிடம் "நீயும் அப்படியே செய்" என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. கேம் டெவ் டைகூன் சகோதரர்கள் அப்படித்தான் செய்தார்கள்.

மந்தமாக்குகிறதா என்ற உங்கள் இரண்டாவது கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் போதும். சில கேம்களில் ஆம், எல்லாவற்றிலும் அல்ல. பூட்டை எந்த இடத்தில், எவ்வளவு அடிக்கடி சரிபார்க்கும்படி பொருத்தினார்கள் என்பதைப் பொறுத்தது. ரெசிடன்ட் ஈவில் வில்லேஜ் கேமில், 2021இல், எதிரி தாக்கும் வேளைகளில் காட்சி விக்கி நின்றது. கிராக் பிரதியில் அந்த விக்கல் இல்லை என்பதை, கேம்களின் இயக்கத்தைச் சோதிக்கும் டிஜிட்டல் ஃபவுண்ட்ரி அளந்து காட்டியது. அந்த கேமைத் தயாரித்த கேப்காம் அந்த ஜூலையில், தன் திருட்டுத் தடுப்பு முறையைச் சீரமைத்ததாகக் குறிப்பிட்டே அப்டேட் வெளியிட்டது. மற்றொரு தொல்லை 2021 நவம்பரில் தெரிந்தது: இன்டெலின் ஆல்டர் லேக் பிராசசர்களில் இருவகைக் கோர்கள் (கணக்கிடும் பகுதிகள்) இருந்ததால், சில பூட்டுகள் அவற்றை இரு வேறு கணினிகள் என்று எடுத்துக்கொண்டு கேமை நிறுத்தின. எட்டு ஜிபி ரேம் கொண்ட பழைய லேப்டாப்பில் ஒரு கேம் திணறினால், பெரும்பாலும் காரணம் லேப்டாப்தான். எல்லாவற்றையும் டெனுவோ தலையில் ஏற்றிவிட வேண்டாம்.

காலவரை பற்றிய என் வாதத்துக்கு வலுச் சேர்ப்பது தி க்ரூ என்ற கார்ப் பந்தய கேமின் முடிவு. 2014இல் வந்த அந்த கேமைத் தனியாகவும் விளையாடலாம், ஆனால் சர்வர் இணைப்பு கட்டாயம். யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31 அன்று சர்வர்களை நிறுத்தியதும், வாங்கிய ஒவ்வொருவர் கணினியிலும் அது செத்துப்போனது. அதைத் தொடர்ந்து ராஸ் ஸ்காட் என்பவர் தொடங்கிய ஸ்டாப் கில்லிங் கேம்ஸ் இயக்கத்தின் கோரிக்கை எளியது: சர்வரை நிறுத்தும்போது, வாங்கியவர் கையில் விளையாடக்கூடிய நிலையில் கேமை விட்டுச் செல்லுங்கள். ஐரோப்பியக் குடிமக்கள் மனுவாக அது 2025 ஜூலையில் பத்து லட்சம் கையெழுத்துகளைத் தாண்டியது. யூபிசாஃப்டும் க்ரூ வரிசையின் அடுத்த கேம்களுக்கு ஆஃப்லைன் வசதி தருவதாக 2024 செப்டம்பரில் அறிவித்தது. கலிஃபோர்னியாவில் 2025 ஜனவரி முதல், டிஜிட்டல் பொருளை விற்பவர் "நீங்கள் வாங்குவது உரிமம் மட்டுமே" என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். நிரந்தரமாக இறக்கி வைத்துக்கொள்ளக் கொடுப்பவருக்கு அதிலிருந்து விலக்கு உண்டு. சொல்வது நல்லதுதான், ஆனால் போதாது. பூட்டு இத்தனை மாதத்தில் நீங்கும் என்ற தேதியையும் விற்கும்போதே அச்சிட வேண்டும் என்பது என் கோரிக்கை. பழைய கேம்களின் நிலையைப் பார்த்தால் இந்த அவசரம் புரியும்: அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இப்போது விற்பனையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கண்டறிந்தது. அவற்றைக் காப்பாற்றி வைத்திருப்பவர்களில் பலர் பூட்டை உடைத்தவர்கள் என்பதையும் மறுக்க முடியாது.

மலையில் இருப்பவர் இப்போதைக்குச் செய்யக்கூடியவை சில உண்டு. வாங்குமுன் ஸ்டீம் பக்கத்தின் வலப்புறம் பாருங்கள். வெளி நிறுவனப் பூட்டு, கணினி எண்ணிக்கை வரம்பு, கட்டாயக் கணக்கு ஆகியவை அங்கே குறிக்கப்பட்டிருக்கும். ஜிஓஜியில் அதே கேம் இருந்தால் அங்கே வாங்கி, ஆஃப்லைன் இன்ஸ்டாலரை வெளி ஹார்டு டிஸ்க்கில் இறக்கி வையுங்கள். மழைக்காலத்தில் தானியங்கி அப்டேட்டைக் கட்டுப்படுத்தி, கேமைத் திறக்கும்போது மட்டும் அப்டேட் ஆகும்படி வையுங்கள். அப்டேட் ஆனால் இணைப்பு இருக்கும்போதே ஒருமுறை திறந்து மூடிவிடுங்கள், சீட்டு வந்து சேர்ந்துவிடும். கேபிள் அறுந்த நாளில் மொபைல் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு லேப்டாப்பைக் கொண்டுபோனால் ஹாட்ஸ்பாட்டிலேயே அனுமதி பெறலாம், அதற்குச் செலவாகும் டேட்டா மிகச் சிறிது. எண்பது ஜிபி கேமை மறுபடி இறக்குவதுதான் நம் ஊரில் இயலாத காரியம். அதற்கு 2023இல் ஸ்டீம் கொடுத்த லோக்கல் நெட்வொர்க் பரிமாற்றம் உதவும், ஒரே வைஃபையில் உள்ள நண்பரின் கணினியிலிருந்து கோப்புகளை இழுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, வாங்கிய கேமுக்கே கிராக் போடுவது. உங்கள் நண்பன் வாங்காமல் விளையாடியதும், நீங்கள் வாங்கியதைத் திறக்க வழி தேடுவதும் ஒழுக்கத்தில் ஒன்றல்ல என்பதில் எனக்கு ஐயமில்லை. சட்டமும் ஓரளவு இந்த வேறுபாட்டைக் காண்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பத் தடுப்பை உடைப்பவருக்கு இரண்டு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்கிறது. நோக்கம் என்ற சொல் அங்கே இருக்கிறது, சட்டம் வெளிப்படையாகத் தடை செய்யாத காரியத்துக்காக உடைப்பதற்கு விலக்கும் இருக்கிறது. 52ஆம் பிரிவு, மென்பொருளை முறையாக வைத்திருப்பவர் இழப்புக்கும் சேதத்துக்கும் எதிரான தற்காலிகப் பாதுகாப்பாகக் காப்புப் பிரதி எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. மறுபுறம் 63பி, திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்துபவருக்கு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது; லாபத்துக்காகப் பயன்படுத்தவில்லை என்றால் நீதிமன்றம் சிறையை விட்டு ஐம்பதாயிரம் வரை அபராதத்தோடு நிறுத்தலாம். நண்பனிடமிருந்து வாங்கும் கிராக் பிரதி, நீங்கள் வாங்கிய பிரதியின் காப்பு நகல் அல்ல. அது வேறொருவர் உரிமையின்றிப் பரப்பிய நகல். ஆகவே 52ஆம் பிரிவு உங்களை அங்கே காப்பாற்றும் என்று நம்பி இறங்க வேண்டாம்.

அதைவிட நடைமுறையான காரணம் ஒன்று உண்டு. என் கடைக்குச் சுத்தம் செய்ய வரும் கணினிகளில், கிராக் கோப்போடு உள்ளே வந்த வைரஸ்களை அடிக்கடி பார்க்கிறேன். கிராக் ஓட வேண்டும் என்பதற்காக ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்கிறார்கள், மாணவர்களும் அணைத்துவிடுகிறார்கள். அதே கணினியில்தான் அப்பாவின் வங்கிக் கணக்கும், தேயிலைத் தோட்டத்துக் கணக்கும், கல்லூரிச் சான்றிதழ்களும் இருக்கின்றன. உங்கள் கேமுக்குக் கிராக் போடாதீர்கள். வாங்கி 14 நாட்களுக்குள், விளையாடியது இரண்டு மணி நேரத்துக்குக் குறைவு என்றால் ஸ்டீமிலேயே பணத்தைத் திரும்பக் கேளுங்கள். அந்தக் காலம் தாண்டியிருந்தால், பிழைச் செய்தியின் படத்தையும் வாங்கிய ரசீதையும் இணைத்து, இணைப்பு இல்லாமல் இயங்காது என்று விற்பனைப் பக்கத்தில் சொல்லப்படவில்லை என்பதைக் குறிப்பிட்டு நிறுவனத்துக்கு எழுதுங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது உதகையில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே, மனு கொடுக்க முடியும். ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.